வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு ஒரு புத்தகம்

வணக்கம் டீச்சர்.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் தாலுகாவில் தமிழ் டிவிஷனும் மலையாள டிவிஷனும் சேர்ந்து நடக்கிற பள்ளி உங்களுடையது. 6, 7-ம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறீர்கள். ஜூன் மாதம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்து சேர்ந்த ஒரு பையனை ‘பாண்டி’ என்று, கேரளத்தில் தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லால், கூப்பிடுகிறார்கள். விளையாட்டில் சேர்ப்பதில்லை, வாசலில் கழற்றிவைத்த செருப்பை ஒளித்துவைக்கிறார்கள். இதைச் செய்கிறவர்களில் பாதிப் பேர் தமிழ் டிவிஷன் பிள்ளைகள்தான் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். நூலகத்துக்கு 3,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. இந்த வயசுப் பிள்ளைகளுக்குச் சீண்டல் பற்றிய புத்தகங்களை எப்படிப் பார்த்து எடுப்பது என்பது உங்கள் கேள்வி.

செருப்பை ஒளித்துவைக்கிற அளவில் இருக்கும்போது புத்தகம் உதவும். அடிப்பது, காசு பிடுங்குவது, உடம்பில் கை வைப்பது, வீடியோ எடுத்துப் பரப்புவது என்று போயிருந்தால் புத்தகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஹெச்.எம்.மிடமும் வீட்டாரிடமும் அன்றைக்கே பேசுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளே நேராக அழைக்கலாம். அதை வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். சரி, இனிப் புத்தகத்துக்கு வருவோம்.

நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு யு.பி. (அப்பர் பிரைமரி) பள்ளியில் பல வருஷம் தமிழ் எடுத்தேன், நூலகப் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பேச்சு திக்கும். அவள் வாய் திறந்தாலே பின் பெஞ்சில் யாராவது அதே மாதிரி திக்கிக் காட்டுவார்கள். அந்தச் சமயம் பார்த்து, திக்கிப் பேசுகிற ஒரு சிறுமி பேச்சுப் போட்டியில் ஜெயிக்கிற கதைப்புத்தகம் ஒன்று கிடைத்தது. சந்தோஷமாகக் கொண்டுபோய் லைப்ரரி பீரியடில் எல்லாரும் பார்க்க அவள் கையில் கொடுத்து, “இது உனக்குத்தான்” என்றேன். அவள் அட்டை தெரியாதபடி அதைக் கவிழ்த்து வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டாள். பெல் அடிக்கும்வரை அந்தக் கை நகரவில்லை. அடுத்த வாரம் அந்தக் கதாநாயகியின் பெயரே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகியிருந்தது. அந்தப் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தது நான். வருஷம் முடிகிறவரை அவள் நூலகத்துப் பக்கமே வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் புத்தகங்களை அடிபடுகிற பிள்ளையை மனதில் வைத்துத் தேடக்கூடாது, பக்கத்தில் நின்று பார்க்கிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் தேடவேண்டும். முப்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் ஒருவன் அடிபடுவான், இரண்டு மூன்று பேர் தொடங்குவார்கள். மீதி முப்பது பேர் சிரிப்பார்கள், அல்லது நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். கேலி உயிரோடு இருப்பது அந்த முப்பது பேர் தரும் சிரிப்பிலும் மௌனத்திலும்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடன் இருந்தவர்களும் 1996-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். தொடங்குகிறவன், துணை போகிறவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், ஒதுங்கி நிற்கிறவன், பரிந்து வருகிறவன் என்று வகுப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று காட்டினார்கள். டொரான்டோவில் பள்ளி மைதானங்களை வீடியோ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001-ல் வந்தது. கூட இருக்கிற பிள்ளைகள் குறுக்கே புகுந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 நொடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது. ஆனால் அப்படிப் புகுந்தது ஐந்தில் ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை இரண்டாக்க ஒரு கதையால் முடியும் என்று நான் நம்புகிறேன். டீச்சர் எத்தனை தடவை அறிவுரை சொன்னாலும் நடக்காதது அது.

தமிழில் ‘சீண்டல்’ என்று போர்டு வைத்த அலமாரி எந்தக் கடையிலும் கிடையாது. அதற்கு ஒரே ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. பிள்ளைகள் ஓட்டுறது, கலாய்க்கிறது, காய் விடுறது என்பார்கள். பெரியவர்கள் “சும்மா விளையாட்டு” என்பார்கள். அதனால் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று தேடாமல் உள்ளே புரட்டிப் பாருங்கள். சண்டை வருகிற கதை எல்லாம் சீண்டல் கதை ஆகிவிடாது. நார்வேயில் இதை ஆராய்ந்த டான் ஓல்வேயுஸ் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவனிடம் செய்வது. சமபலம் உள்ள இரண்டு பையன்கள் மாங்காய்க்காக மல்லுக்கட்டிவிட்டு மறுநாள் தோளில் கை போட்டுக்கொண்டு வருகிற கதை நல்ல கதையாக இருக்கலாம், ஆனால் உங்கள் வகுப்பில் நடப்பது அதுவல்ல. அதைப் படித்துக்காட்டினால் “பாருங்கள், அவர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள்” என்று அடிபடுகிறவனையே சமாதானத்துக்குத் தள்ளுகிற மாதிரி ஆகிவிடும்.

கடையில் நின்றுகொண்டு ஒரு புத்தகத்தைப் பத்து நிமிஷத்தில் எடைபோடவேண்டும் என்றால், நான் கடைசி இருபது பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். இந்த வகைக் கதைகள் கெட்டுப்போகிற இடம் அதுதான். கேலிக்கு ஆளான பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து, அல்லது கேலி செய்தவனையே ஆற்றிலிருந்து காப்பாற்றி, அதற்குப் பிறகு எல்லாரும் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று எத்தனை கதைகள்! பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கிற கணக்கு மோசமானது: மரியாதை வேண்டுமானால் முதலில் ஏதாவது சாதித்துக் காட்டு. ஓடத் தெரியாத, நீந்தத் தெரியாத, ஒன்றிலும் முதலாவது வராத பிள்ளையையும் யாரும் சீண்டக்கூடாது அல்லவா? ‘வொண்டர்’ என்ற ஆங்கில நாவல் 2012-ல் வந்தது. முகம் வேறு மாதிரி அமைந்து பிறந்த பையனின் கதை. ஒரே கதையைப் பல பிள்ளைகள் மாறி மாறிச் சொல்வது அதன் பெரிய பலம். ஆனால் அதுகூட எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட, அவன் மெடல் வாங்குவதில் போய் முடிகிறது. வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை. படித்த பிறகு “மெடல் கிடைக்காமல் இருந்திருந்தால்?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

இன்னொரு முடிவு இருக்கிறது. அதை இந்த வயசுக்கு நான் எடுக்கவே மாட்டேன்: பிள்ளை செத்துப்போகிறது, அப்போதுதான் எல்லாருக்கும் புத்தி வருகிறது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் பன்னிரண்டு வயசில் தனியாக அழுதுகொண்டிருக்கிற ஒரு பிள்ளைக்கு, “நான் போனால்தான் இவர்களுக்குத் தெரியும்” என்ற நினைப்பை அது ஊட்டிவிடும். இந்த இடத்தில் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ பற்றிச் சொல்லியாகவேண்டும், எப்படியும் யாராவது உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்வார்கள். கேள்வி கேட்டதற்காக ஆசிரியர்களிடம் அடி வாங்குகிற பெண், அடி வலிக்காமல் இருக்க வழி தேடி, அந்தப் பரிசோதனையிலேயே இறந்துபோகிறாள். தமிழில் ஆசிரியர்களை உலுக்கிய புத்தகம் அது. நான் படித்துவிட்டு இரண்டு நாள் பிரம்பைத் தொடவில்லை, அப்புறம் அதை விட்டே விட்டேன். ஆனால் அது ஸ்டாஃப் ரூம் மேஜையில் இருக்கவேண்டிய புத்தகம். ஆறாம் வகுப்பு அலமாரியில் வேண்டாம்.

கதையில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். டீச்சர் வந்து ஒரு பேச்சுப் பேசியதும் எல்லாம் சரியாகிவிடுகிற கதையைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். எந்தப் பெரியவரும் எதற்கும் உதவாத கதையைப் படித்தால் யாரிடமும் சொல்லிப் பயனில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவரிடம் சொல்லி நடக்காமல் இன்னொருவரிடம் சொல்லி நடந்தது என்று வருகிற கதை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

சரி, பெயர் சொல்லிக் கேட்டால் என் முதல் பதில் ‘டோட்டோ-சான்’. ஜப்பானின் டெட்சுகோ குரோயநாகி 1981-ல் எழுதிய தன் பள்ளி நினைவுகள். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழிலும் கிடைக்கிறது, மலையாளத்திலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. உங்கள் மாதிரி இரண்டு டிவிஷன் உள்ள பள்ளிக்கு இது பெரிய வசதி: ஒரே கதையை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அவரவர் மொழியில் படிக்கலாம். படித்துவிட்டு மைதானத்தில் ஒன்றாகப் பேசிக்கொள்ளலாம்.

அதைச் சீண்டல் பற்றிய புத்தகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதில் மஸாவோ-சான் என்ற கொரியப் பையன் வருகிற சின்ன அத்தியாயம் ஒன்று இருக்கிறது. டோட்டோ-சானைப் பார்த்து அவன் “கொரியாக்காரி!” என்று வெறுப்போடு கத்துகிறான். அவளோ ஜப்பானியப் பெண். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, வீட்டில் போய்ச் சொல்கிறாள். அம்மாவின் கண் கலங்கிவிடுகிறது. பாவம், அவனை எல்லாரும் அப்படிச் சொல்லியே திட்டியிருக்கிறார்கள், அதனால் அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்கிறாள்.

உங்கள் வகுப்பில் நடப்பது எழுத்து மாறாமல் இதுதான், டீச்சர். சித்தூர் கொச்சி சமஸ்தானமாக இருந்த காலத்திலிருந்து, 1956-ல் கேரளம் உருவாவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே, இங்கே தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இருந்தும் நம் பிள்ளைகள் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் ‘பாண்டி’ என்ற சொல்லைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். அது சுடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் புதிதாக ஒருவன் வந்ததும் அதை அவன் மேல் வீசிவிட்டுத் தாங்கள் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். நான் இந்த அத்தியாயத்தை ஒருமுறை ஏழாம் வகுப்பில் சத்தமாக வாசித்தேன். விளக்கம் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, எப்போதும் முதலில் கத்துகிற பையன்தான் கேட்டான்: “அப்போ அது கெட்ட வார்த்தைன்னு அவனுக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?” வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. “பாண்டி” என்று நான் சொல்லவும் இல்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

அதே புத்தகத்தில் வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷி என்ற பையனிடம் வகுப்பாசிரியை வேடிக்கையாக, உனக்கு வால் இருக்கிறதா என்கிற மாதிரி கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் கோபயாஷி அந்த ஆசிரியையைப் பிள்ளைகள் எதிரில் திட்டவில்லை. தனியாக அழைத்து, கோபத்தோடு, அந்தக் கேள்வி அந்தப் பையனை எப்படித் தைத்திருக்கும் என்று கேட்கிறார். டோட்டோ-சானுக்கு அது தற்செயலாகக் காதில் விழுகிறது. இந்தப் பகுதியை நாம்தான் இரண்டு தடவை படிக்கவேண்டும். வகுப்பில் பாதிப் பட்டப்பெயர்கள் நாம் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து பிறந்தவை. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவில் உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது.

இரண்டாவதாக, எலினார் எஸ்டஸ் 1944-ல் எழுதிய ‘நூறு உடைகள்’. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் பல வருஷம் இருந்த கதை, பழைய பாடப்புத்தகம் யார் வீட்டிலாவது நிச்சயம் கிடக்கும். வாண்டா என்ற பெண்ணின் பெயரே மற்றவர்களுக்கு விநோதம். தினமும் ஒரே நீல கவுனில் வருவாள், ஆனால் வீட்டில் நூறு உடை இருக்கிறது என்பாள். கதை அவள் மனசுக்குள் போவதில்லை, மேடி என்ற இன்னொரு பெண்ணின் மனசுக்குள் போகிறது. மேடி கேலி செய்வதில்லை. தோழி கேலி செய்யும்போது பக்கத்தில் நிற்கிறாள், அவ்வளவுதான். எதிர்த்துப் பேசினால் அடுத்த முறை தன் மேல் திரும்பிவிடுமோ என்ற பயம், தானும் ஏழை என்பதால். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தோன்றும்போது வாண்டாவின் குடும்பம் ஊரை விட்டே போயிருக்கிறது. நான் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த முப்பது பேருக்காகவே எழுதின மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் கொடுக்கவேண்டாம். நீங்கள் படித்துவிட்டு, மூன்று நாளாகப் பிரித்துத் தமிழில் சொல்லுங்கள். கேலி நடக்கிற இடத்தில் நிறுத்தி, “மேடி இப்போ என்ன நினைச்சிருப்பா?” என்று கேளுங்கள். “நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்ல பிள்ளையாகப் பொய் சொல்வார்கள்.

பஷீரின் ‘பால்யகால சகி’ முழுவதும் இந்த வயசுக்கு இல்லை. ஆனால் ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று கேட்டதற்கு, இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒரு பெரிய ஆறாவதைப் பார்த்திருந்த மஜீத், ‘கொஞ்சம் பெரிய ஒன்று’ என்று சொல்லி வகுப்பே சிரிக்கிற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள டிவிஷன் மாஷ் அதை மலையாளத்தில் வாசிக்க, நீங்கள் தமிழில் வாசிக்கலாம். ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி எனக்குத் தோன்றவில்லை.

ஜாதியை விட்டுவிட்டு நம் ஊரில் இதைப் பேச முடியாது. பட்டப்பெயருக்குப் பின்னால், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்குப் பின்னால், அது இருக்கத்தான் செய்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பிள்ளைகளே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். அம்பேத்கர் 1935-36 வாக்கில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில், வகுப்பு மூலையில் தனியாகக் கோணி விரித்து உட்கார்ந்ததையும், அந்தக் கோணியைத் தினமும் வீட்டுக்குச் சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்ததையும், பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதையும் சொல்லியிருக்கிறார். நாலைந்து பக்கம்தான், ஏழாம் வகுப்புக்குத் தாராளமாகப் புரியும். பாமா ஒரு தலித் பெண்ணாகத் தன் வாழ்க்கையை எழுதிய ‘கருக்கு’ 1992-ல் வந்தது. அதில் பள்ளியில் தேங்காய் திருடியதாகப் பழி சுமத்தப்படுகிற பகுதியை நீங்கள் முதலில் படியுங்கள். பிள்ளைகளுக்கு வாசிக்கும் முன், அந்த ஜாதிப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா, எல்லாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஆகிவிடுமா என்று யோசித்து முடிவெடுங்கள். என் திக்குப்பேச்சுக் கதை இங்கேயும் நடக்கலாம்.

பணத்தைப் பிரிக்கிற விதம்: ஐந்து தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட ஒரே புத்தகத்தில் ஆறேழு பிரதி வாங்குவது நல்லது. டோட்டோ-சான் தமிழில் நான்கும் மலையாளத்தில் மூன்றும் வாங்குங்கள். ஒரு புத்தகம் ஒரு கையில் இருந்தால் அது அந்தப் பிள்ளையின் புத்தகம் ஆகிவிடும். ஏழு கையில் இருந்தால் யாரும் யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. மீதியில் வேறு கதைப்புத்தகங்கள் எடுங்கள், அவற்றோடு கலந்து அடுக்குங்கள். இதற்கென்று தனித் தட்டு வேண்டாம். வாசிக்கிறபோது அந்தப் பையன் பக்கம் உங்கள் கண் போகவே கூடாது. சொல்வது சுலபம், செய்யும்போது கண் தானாகப் போகும். நான் ஜன்னலைப் பார்த்து வாசிக்கப் பழகிக்கொண்டேன். வாசித்து முடித்த கையோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடாதீர்கள். இன்டர்வெல் முழுவதும் வகுப்பு வாசலிலேயே நில்லுங்கள், ஏதாவது திருத்துகிற மாதிரி. சொல்லவேண்டியது உள்ள பிள்ளை அப்போதுதான் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு பக்கத்தில் வரும். வருவது அடிபடுகிறவனாக இல்லாமல் சிரித்தவனாகவும் இருக்கலாம்.

அப்புறம், 3,000 ரூபாயில் ஒரு 200 ரூபாயைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று சாதாரணமாகப் பேச்சுவாக்கில் கேளுங்கள். புறா, டிராக்டர், பேய்க்கதை, எதுவாக இருந்தாலும் சரி, சீண்டலுக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வையுங்கள். அவனாகப் பார்த்து எடுக்கட்டும். எடுக்கும்போது ரிஜிஸ்டரில் அவன் முழுப்பெயரை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.